வீட்டில் டைச், கடையில் ஆங்கிலம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், வடகிழக்கே குன்றும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது ஹோம்ஸ் கவுண்டி. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 44,223. பெரிய நகரம் ஏதுமில்லை. தலைமையிடமான மில்லர்ஸ்பர்க்கே ஒரு சிற்றூர்தான். வெளிநாட்டில் பிறந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. இருந்தும், வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழியைப் பேசுவோரின் விழுக்காட்டில் ஒஹாயோ மாநிலத்திலேயே முதலிடம் இந்தக் கவுண்டிக்குத்தான். அது தேசிய சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பேசுபவர்கள் நேற்று வந்து இறங்கியவர்களும் அல்லர். அவர்களுடைய முன்னோர் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள். அவர்களின் வழிவந்த ஆமிஷ் சமயத்தினரில் முதலாமவர் 1809இல் இந்தப் பகுதியில் குடியேறினார். இன்று கவுண்டியின் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆமிஷ்.

அமெரிக்காவில் ‘வீட்டில் வேறு மொழி’ என்றாலே ‘ஆங்கிலம் தெரியாதவர்’ என்றும், ‘ஆங்கிலம் தெரியாதவர்’ என்றாலே ‘புதிதாகக் குடியேறியவர்’ என்றும் முடிச்சுப் போடுவது வழக்கம். இரண்டு முடிச்சுகளும் ஹோம்ஸில் அவிழ்ந்துவிடுகின்றன. வீட்டு மொழியும் ஆங்கிலத் திறனும் இருவேறு அளவுகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கவுண்டி கிடைப்பது அரிது.

மூன்று கேள்விகள்

மொழி பற்றிய அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் மூன்று கேள்விகளிலிருந்து பிறக்கின்றன. இவர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா? ஆம் என்றால், அது எந்த மொழி? இவர் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்? கடைசிக் கேள்விக்கு நான்கு கட்டங்கள் உண்டு: ‘மிக நன்றாக’, ‘நன்றாக’, ‘அவ்வளவாக இல்லை’, ‘அறவே இல்லை’. 1980 முதல் இந்த மூன்று கேள்விகளும் ஒரே வடிவில் கேட்கப்பட்டு வருகின்றன. 2000 வரை பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தில் இருந்தவை, 2005இலிருந்து ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பில் இடம்பெறுகின்றன. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களே கணக்கில் வருவார்கள்.

இவற்றின் விடைகளிலிருந்து எழுந்த தேசியப் படம் இது: 1980இல் வீட்டில் வேறு மொழி பேசியவர்கள் 2.31 கோடி, 2019இல் 6.78 கோடி. அதாவது, பத்தில் ஒருவராக இருந்தவர் ஐந்தில் ஒருவராகிவிட்டார். அவர்களில் பத்தில் ஆறு பேர் பேசுவது ஸ்பானிஷ். ‘மிக நன்றாக’ என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள எல்லோரும், ‘நன்றாக’ என்று சொன்னவர்கள் உட்பட, ‘ஆங்கிலத் திறன் குறைந்தோர்’ என்ற தலைப்பின்கீழ் சேர்க்கப்படுகிறார்கள். கோட்டை இவ்வளவு உயரத்தில் போட்டதற்குக் காரணம் உண்டு. 1982இல் மாதிரிக் குடும்பங்களுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்துப் பார்த்தபோது, ‘மிக நன்றாக’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை ஒட்டியே மதிப்பெண் பெற்றார்கள். ‘நன்றாக’ என்றவர்கள் பின்தங்கினார்கள்.

இந்த அளவுகோலின் குறைகள் கிராமப்புறத்தில்தான் பளிச்சென்று தெரியும். முதலாவது, வீட்டில் ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்குமாகப் படிவத்தை நிரப்புகிறார். மகளின் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுவது தந்தை. இரண்டாவது, 65,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளுக்கு ஓராண்டுக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தே தருகிறார்கள். எனவே ஹோம்ஸின் எண் எதுவும் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் படமாக இருக்க முடியாது. அது பிழைவரம்போடு வரும் ஐந்தாண்டுச் சராசரி. மூன்றாவது, பேச்சைப் பற்றி மட்டுமே கேள்வி. வாசிப்பையும் எழுத்தையும் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஹோம்ஸைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது குறைதான் பெரியது.

ஒரே மொழிக்கு மூன்று பெயர்

ஆமிஷ் வீடுகளில் பேசப்படும் மொழியை அவர்களே ‘டைச்’ என்கிறார்கள். ஜெர்மனியின் தென்மேற்கே உள்ள ஃபால்ஸ் வட்டாரப் பேச்சிலிருந்து கிளைத்து, பென்சில்வேனியாவில் தனி மொழியாக உருக்கொண்டது அது. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பென்சில்வேனியா டச்சு’ என்று பெயர். நெதர்லாந்தின் டச்சு மொழிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அக்கால ஆங்கிலத்தில் ஜெர்மன் பேசுவோரையும் ‘டச்சு’ என்றே அழைத்தார்கள். அந்த வழக்கு இந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

விளைவு, படிவத்தின் இரண்டாம் கேள்வியில் தெரிகிறது. மொழியின் பெயரை எழுத ஒரு வெற்றிடம் இருக்கும். ஒரு வீட்டுக்காரர் ‘பென்சில்வேனியா டச்சு’ என்று முழுதாக எழுதுவார். அடுத்த வீட்டுக்காரர் ‘ஜெர்மன்’ என்பார். மூன்றாமவர் ‘டச்சு’ என்று சுருக்கிவிடுவார். மூவரும் பேசுவது ஒரே மொழி. கணக்கில் அது மூன்றாகப் பிரிகிறது. பட்டியலை மட்டும் பார்ப்பவர், ஒஹாயோவின் உட்கிராமங்களில் நெதர்லாந்துக்காரர்கள் குடியிருப்பதாக நினைத்துக்கொள்ள இடமுண்டு.

பட்டியல் வெளியாகும் விதமும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 2016இல் திருத்தப்பட்ட விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி உண்டு. டைச் மொழிக்கு இல்லை. ‘யித்திஷ், பென்சில்வேனியா டச்சு அல்லது பிற மேற்கு ஜெர்மானிய மொழிகள்’ என்ற கூட்டு வரியில் அது அடங்குகிறது. நியூயார்க் நகரத்து யூதர் தெருவும் ஹோம்ஸின் பால் பண்ணையும் ஒரே இழுப்பறையில் கிடக்கின்றன. ‘ஜெர்மன்’ என்று எழுதியவர்களோ அதற்கு மேல் உள்ள வேறொரு வரியில் இருக்கிறார்கள். ஹோம்ஸின் மொழிக் கணக்கை அறிய விரும்புபவர் இந்த வரிகளைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

மூன்று மொழி, மூன்று வேலை

ஆமிஷ் வாழ்வில் மொழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வீட்டிலும் வயலிலும் வழிபாட்டுக்குப் பிந்தைய பந்தியிலும் டைச். வேதம் வாசிக்கவும் பாடவும் ஏட்டு ஜெர்மன்: மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த விவிலியமும், 1564இல் முதலில் அச்சேறிய ‘ஆவுஸ்புண்ட்’ பாடல் நூலும் அந்த மொழியில்தான் உள்ளன. பள்ளிக்கும் கடைக்கும் வங்கிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துக்கும், ஆங்கிலம்.

எழுத்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைச் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கிறது. புதிய ஏற்பாடு 1994இலும் முழு விவிலியம் 2013இலும் அம்மொழியில் வந்துவிட்டன. ஆனாலும் அன்றாட எழுத்து அதில் நடப்பதில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து ஒருவரோடொருவர் டைச்சில் மட்டுமே பேசிவந்த அக்காளும் தங்கையும், ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோனபின் கடிதம் எழுதிக்கொள்வது ஆங்கிலத்தில். பக்கத்துக் கவுண்டியின் ஷுகர்கிரீக்கிலிருந்து 1890 முதல் வெளிவரும் ‘தி பட்ஜெட்’ வார இதழ் இதற்கு நல்ல சான்று. நாடெங்கும் உள்ள ஆமிஷ் ஊர்களிலிருந்து எழுதுவோர், யார் வீட்டுக்கு யார் விருந்து வந்தார்கள், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, மழை பெய்ததா, களஞ்சியம் எழுப்பக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று கடிதங்களாக எழுதி அனுப்புகிறார்கள். அச்சாவது முழுக்க ஆங்கிலம். அந்தச் செய்தி சாப்பாட்டு மேசையில் பேசப்படுவதோ டைச்சில். ஒரே குடும்பம் ஒரே செய்தியை ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் பேசுகிறது. கணக்கெடுப்பின் கேள்வி மேசைப் பேச்சைப் பிடிக்கிறது. கையில் இருக்கும் தாள் அதன் கண்ணில் படுவதில்லை.

டைச்சின் சொற்களில் 10 முதல் 15 விழுக்காடு ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர் மதிப்பீடு. தொந்தரவு செய்வதைக் குறிக்கும் ‘பாதர்’ என்ற ஆங்கில வினைக்கு ஜெர்மன் முன்னொட்டைச் சேர்த்துக் ‘கெபாடர்ட்’ என்று இறந்தகாலம் ஆக்கிவிடுவார்கள். ஆமிஷ் அல்லாத எவரையும், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும், ‘இங்லிஷ்’ என்றே குறிப்பிடுவார்கள். மொழியின் பெயர் ஒரு வேலியின் பெயராகவும் ஆகிவிட்டது. ஆனால் வேலியில் வாசல் உண்டு: டைச் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால், பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது அங்கே மரியாதை.

இதே மொழியை ஒருகாலத்தில் ஆமிஷ்களைவிடப் பன்மடங்கு அதிகமாகப் பேசியவர்கள் பென்சில்வேனியாவின் லூதரன், சீர்திருத்தச் சபையினர். நகரங்களுக்குப் பெயர்ந்ததாலும் வெளிமணத்தாலும், இரு உலகப் போர்களின்போது எழுந்த ஜெர்மன் வெறுப்பாலும் அவர்களிடம் அது தேய்ந்தது. ஒஹாயோவே 1919இல் தொடக்க வகுப்புகளில் ஜெர்மன் கற்பிப்பதைத் தடைசெய்தது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆமிஷ்களிடம் மொழி நிலைத்ததற்குச் சட்டம் காரணமல்ல. பெரிய குடும்பம், ஊருக்குள்ளேயே திருமணம், பிறந்த பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வளர்ந்தபின் சபையிலேயே திருமுழுக்குப் பெறுவது ஆகியவையே காரணம். நாட்டில் ஆமிஷ் மக்கள்தொகை சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மொழியும் அதனோடு பெருகுகிறது.

பள்ளிக்கூட வாசல்

ஆமிஷ் குழந்தைக்கு ஆங்கிலம் முறையாகத் தொடங்குவது பள்ளியில்தான், சுமார் ஆறு வயதில். ஓரறை, ஈரறைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலமே பயிற்றுமொழி. ஏட்டு ஜெர்மனுக்கு வாரத்தில் சில வேளைகள். ஆசிரியை பெரும்பாலும் அதே பள்ளியில் படித்து வெளிவந்த இளம்பெண். முதல் வகுப்புக் குழந்தைக்குத் தேவைப்பட்டால் டைச்சில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவார். கவுண்டியின் கிழக்குப் பகுதியில் கணிசமான ஆமிஷ் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்கும் போகிறார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளும் உரிமையை 1972இல் ‘விஸ்கான்சின் எதிர் யோடர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இங்கேதான் கணக்கெடுப்பின் வயது வரம்பு ஒரு வேடிக்கையைச் செய்கிறது. கணக்கு ஐந்து வயதில் தொடங்குகிறது. ஆங்கிலப் பாடம் ஆறில் தொடங்குகிறது. ஐந்து வயது ஆமிஷ் குழந்தை ‘ஆங்கிலத் திறன் குறைந்தோர்’ பட்டியலில் விழுவது இயல்பு. ஒஹாயோவில் குழந்தைகளின் விழுக்காடு மிக அதிகமான கவுண்டிகளில் ஹோம்ஸ் ஒன்று என்பதால், இத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கை கவுண்டியின் மொத்த விழுக்காட்டையே தூக்கிவிடும். வெளியிடப்படும் அட்டவணைகள் 5 முதல் 17 வயது வரை ஒரே கட்டமாகத் தருகின்றன. எழுத்தறியாத ஐந்து வயதும் பட்டறையில் கணக்கெழுதும் பதினேழு வயதும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. வளர்ந்தவர்களின் விடையிலும் ஒரு நுட்பம் இருக்கக்கூடும். தன்னைத்தானே உயர்த்திச் சொல்வதைக் குற்றமாகக் கருதி வளர்ந்த சமூகம் இது. ‘மிக நன்றாக’ என்ற கட்டத்தின் முன் கை தயங்கி, பணிவாக ‘நன்றாக’ என்பதில் குறியிட்டால், அந்த ஒரு குறி அவரைத் திறன் குறைந்தோர் கணக்கில் சேர்த்துவிடும்.

பட்டறையும் சுற்றுலாவும்

ஆங்கிலத் திறனைத் தீர்மானிப்பதில் பள்ளியைவிடத் தொழிலுக்குப் பங்கு அதிகம். இரண்டு தலைமுறைக்கு முன் ஹோம்ஸ் ஆமிஷ்களில் பெரும்பாலோர் விவசாயிகள். நிலத்தின் விலை ஏற, பிள்ளைகளின் எண்ணிக்கை பெருக, எல்லோருக்கும் பண்ணை கிடைக்கவில்லை. மரச்சாமான் பட்டறைகளும் கட்டுமானக் குழுக்களும் பெருகின. இன்று அமெரிக்காவின் கைவினை மரச்சாமான் உற்பத்திக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. பெர்லின், வால்நட் கிரீக் போன்ற சிற்றூர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிகிறார்கள். பட்டறைக்காரர் மொத்த வியாபாரியோடு விலை பேசுவதும், பாலாடைக்கட்டிக் கடையில் நிற்கும் பெண் நாள் முழுக்க விருந்தினருக்குப் பதில் சொல்வதும் ஆங்கிலத்தில். மவுண்ட் ஹோப் ஊரின் கால்நடைச் சந்தையில் ஏலக்குரல் ஆங்கிலத்தில் ஓடும். வேலியோரம் சாய்ந்து நின்று மாட்டின் பல்லையும் மடியையும் பற்றி விவாதிப்பது டைச்சில் நடக்கும்.

எல்லா ஆமிஷ்களும் ஒரே அளவில் இந்த ஓட்டத்தில் இல்லை. இதே வட்டாரத்தில் மிகக் கட்டுப்பாடான ஸ்வார்ட்ஸன்ட்ரூபர் பிரிவினரும், ஆண்டி வீவர் பிரிவினரும், பழைய முறையினரும், 1960களில் தனியே பிரிந்த புதிய முறையினரும் அருகருகே வாழ்கிறார்கள். வெளியுலக வியாபாரத்தைக் குறைவாக வைத்திருக்கும் பிரிவில் ஆங்கிலப் பழக்கமும் குறைவாகவே இருக்கும். கவுண்டி முழுவதற்குமான ஒற்றை விழுக்காடு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

உண்மையான இடர்ப்பாடு எழும் இடம் வேறு. மருத்துவமனையின் ஒப்புதல் படிவம், நிலப் பத்திரம், வரித் துறையின் கடிதம் ஆகியவற்றின் ஆங்கிலம் எட்டாம் வகுப்புப் படிப்போடு நின்றவருக்குக் கடினம். அது டைச் பேசுவதால் வரும் கஷ்டமன்று. ஆங்கிலம் மட்டுமே தெரிந்து எட்டாம் வகுப்போடு நிறுத்திய எவருக்கும் வருவது. படிப்பின் அளவால் வரும் குறையை வீட்டு மொழியின் கணக்கில் எழுதினால், நோய் ஒன்றும் மருந்து வேறொன்றுமாகிவிடும்.

அதே எண், வேறு கதைகள்

ஹோம்ஸை மற்றக் கிராமப்புறக் கவுண்டிகளோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். டெக்சாஸின் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அங்கே அந்த மொழி, அமெரிக்க ஆட்சி வருவதற்கு முன்பே வேரூன்றியது. 1848இல் எல்லைதான் மக்களைக் கடந்து போனது. கன்சாஸின் ஃபின்னி கவுண்டியில் 1980இல் மாபெரும் மாட்டிறைச்சி ஆலை திறந்தது. வியட்நாமியர், மெக்சிகர், பின்னர் சோமாலியர், பர்மியர் என்று அலை அலையாகத் தொழிலாளர் வந்தார்கள். அங்கே ஆங்கிலம் குறைவாக இருப்பது பெரியவர்களிடம். பிள்ளைகள் பள்ளியில் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், பல வீடுகளில் மொழிபெயர்ப்பாளரும் அவர்களே. அரிசோனாவின் அப்பாச்சி கவுண்டியில் நவஹோ மொழி முதியவர்களிடம் வலுவாகவும் இளையோரிடம் மெலிந்தும் நிற்கிறது.

ஆக, ஆங்கிலக் குறை ஃபின்னியில் நடுவயதினரிடமும், அப்பாச்சியில் முதியோரிடமும், ஹோம்ஸில் பள்ளி சேராத குழந்தைகளிடமும் குவிகிறது. முதல் இடத்தில் தேவைப்படுவது ஆலை நேரத்துக்குப் பிந்தைய மாலை வகுப்பு; இரண்டாமிடத்தில் மொழிபெயர்ப்பாளர்; மூன்றாமிடத்தில் தேவைப்படுவது முதல் வகுப்பும் ஓராண்டுப் பொறுமையும்.

எண்ணிலிருந்து சட்டத்துக்கு

இந்த எண்கள் வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. சட்டம் அவற்றின்மேல் நடக்கிறது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு அதே பாடநூலைக் கொடுத்துவிடுவது சமத்துவமாகாது என்று 1974இல் ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலம் கற்கும் மாணவருக்கான மத்திய நிதி, அவர்களின் எண்ணிக்கையைக் கொண்டே மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. 1975இல் வாக்குரிமைச் சட்டத்தில் சேர்த்த 203ஆம் பிரிவின்படி, ஒரு மொழிச் சிறுபான்மையில் ஆங்கிலத் திறன் குறைந்த, வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் 10,000 பேருக்கு மேல், அல்லது 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, அவர்களிடையே எழுத்தறிவின்மை தேசிய அளவைவிடக் கூடுதலாகவும் இருந்தால், தேர்தல் உதவி அந்த மொழியிலும் தரப்பட வேண்டும். அப்பாச்சியில் நவஹோ வாக்காளருக்கு அப்படி உதவி உண்டு. எழுத்து மரபில்லாத மொழிகளுக்கு வாய்மொழி உதவியே போதும் என்கிறது சட்டம்.

ஆனால் 203ஆம் பிரிவு ஸ்பானிஷ் மரபினர், ஆசிய அமெரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்காப் பூர்வகுடியினர் ஆகிய நான்கு தொகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஜெர்மானிய மொழி பேசுவோர் எத்தனை விழுக்காடு இருந்தாலும் ஹோம்ஸ் அதற்குள் வராது. ஆமிஷ்களும் அதைக் கேட்டதில்லை. வாசிப்புக்கு அவர்கள் நாடும் மொழி எப்படியும் ஆங்கிலமே. அரசின் சேவைகளை ஆங்கிலத் திறன் குறைந்தோருக்கும் எட்டச்செய்ய 2000இல் பிறந்த அதிபர் ஆணை, 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்த ஆணையால் நீக்கப்பட்டது. ஹோம்ஸில் அதன் பாதிப்பு சிறிதாகவே இருக்கும். ஃபின்னியின் இரவு நேரத் தொழிலாளிக்கும் அப்பாச்சியின் முதியவருக்கும் அப்படியிராது.

கவுண்டி ஒன்றின் மொழி அட்டவணையை வாசிப்பவர் நான்கு விவரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் எண் பேசும்: அந்த மொழி எந்தெந்தப் பெயர்களில் பதிவாகியிருக்கிறது, ஆங்கிலம் குறைந்தவர்கள் எந்த வயதினர், அவர்கள் எழுதுவதும் படிப்பதும் எந்த மொழியில், அவர்கள் செய்யும் தொழில் எந்த மொழியைக் கேட்கிறது. முதல் இரண்டுக்கும் விடை அட்டவணையிலேயே ஓரளவு கிடைக்கும். பின்னிரண்டும் கணக்கெடுப்பில் கேட்கப்படுவதே இல்லை. அவற்றுக்கு ஊருக்குத்தான் போயாக வேண்டும்.